கை ஊன்றி விழுந்தவன்

கழுத்தில் ஒரு தட்டு வாங்கி நான் மயங்கி விழுந்த கதையைக் கேட்காத நண்பர்கள் எனக்குக் குறைவு. கல்யாணப் பந்தியில், ரயிலில், ஆபீஸ் கேன்டீனில், பேச்சு எப்படியாவது கராத்தே பக்கம் திரும்பிவிட்டால் போதும், எடுத்துவிடுவேன். "ஒரே தட்டு. அடின்னுகூடச் சொல்ல முடியாது. கண்ணைத் திறந்தா தரையில கிடக்கேன்" என்று முடிப்பேன். கேட்பவர்கள் வாயைப் பிளப்பார்கள். யாராவது ஒருவர் கட்டாயம் இந்தியன் தாத்தாவை இழுப்பார். நல்ல கதைதான். ஆனால் அதில் ஒரு சின்ன இடத்தை மட்டும் நான் எப்போதும் தாண்டியே சொல்லி வந்திருக்கிறேன். பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது. போன மாதம் நடந்த ஒரு விஷயத்தால் இனி அதைத் தாண்ட முடியாது என்று ஆகிவிட்டது.

திருநெல்வேலிக்கு வெளியே பைபாஸ் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம். ஆடி மாதம், முகூர்த்தம் கிடையாது, அதனால் வாடகை மலிவு. மணமக்கள் உட்காரும் சிவப்பு நாற்காலிகளை ஓரமாக நகர்த்திவிட்டு மேடைக்கு முன்னால் நீல ரப்பர் விரிப்பு போட்டிருந்தார்கள். சுற்றுவட்டார கராத்தே வகுப்புகளிலிருந்து நாற்பது பேர் வந்திருந்தோம். பிரஷர் பாயின்ட் பயிற்சி முகாம், ஒரு நாள், தலைக்கு 1,500 ரூபாய், மதியம் சாம்பார் சாதம் உண்டு. எனக்கு அப்போது பிரவுன் பெல்ட். தனியாகச் செய்துகாட்டும் கட்டாவில் தேறியவன், எதிராளியோடு மோதும் குமித்தேயில் சுமார். குத்து வாங்கப் பயப்படுகிறவன் என்று எங்கள் மாஸ்டரே எல்லார் முன்னாலும் சொல்வார். அப்படிப்பட்டவனிடம் வந்து, பலம் வேண்டாம், வேகம் வேண்டாம், சரியான இடத்தில் தொட்டால் போதும் என்று ஒருவர் சொன்னால் அது எவ்வளவு இனித்திருக்கும்!

வகுப்பெடுக்க வந்த மாஸ்டர் வெளிமாநிலத்துக்காரர். ஐம்பது வயது இருக்கும். மெதுவாகப் பேசுவார், பேசும்போது எதிராளியின் கண்ணிலிருந்து பார்வையை எடுக்கமாட்டார். காலை முழுக்கப் பாடம். உடம்பில் பன்னிரண்டு முக்கிய ஓட்டப்பாதைகள், அவற்றோடு முன்னும் பின்னும் நடுக்கோட்டில் இரண்டு, எல்லாவற்றிலுமாகச் சேர்த்து 361 புள்ளிகள். ஒவ்வொரு பாதைக்கும் ஓர் உறுப்பு, ஒவ்வோர் உறுப்புக்கும் மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்று ஒரு பூதம். ஒரு நாளை இரண்டிரண்டு மணி நேரமாகப் பிரித்தால் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு நேரம். உலோகம் மரத்தை வெட்டும். ஆகவே உலோகமான நுரையீரல் பாதையில் ஒரு புள்ளியை அழுத்திவிட்டு மரமான பித்தப்பைப் பாதையில் தட்டினால் ஆள் காலி. இத்தனைக்கும் உள்ளே ஓடுவது சீ, சீனர்கள் சொல்லும் உயிர்ச்சக்தி. அவர் அந்தச் சொல்லைக் கொஞ்சம் அழுத்தி "ச்சீ" என்றார். பின்வரிசைப் பள்ளிக்கூடப் பையன்கள் குனிந்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். மொழிபெயர்த்தவர் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு "எல்லாரும் உள்ளங்கையிலே ச்சீயை உணருங்க" என்றதும் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

உணரவும் செய்தேன். அதைச் சொல்லியாக வேண்டும். இரண்டு கையையும் சூடு பறக்கத் தேய்த்து, ஒரு சாண் இடைவெளியில் எதிரெதிராகப் பிடித்து, கண்ணை மூடி மெல்ல நெருக்கி விலக்கச் சொன்னார். முதலில் கதகதப்பு. அப்புறம் நடுவில் ஏதோ பந்து இருப்பதுபோல, இரண்டு காந்தத்தின் ஒரே முனைகளை நெருக்கினால் தள்ளுமே, அதுபோல ஒரு தள்ளல். கண்ணைத் திறந்து பக்கத்தில் இருந்தவனைப் பார்த்தேன். அவனும் என்னைப் பார்த்துத் தலையாட்டினான். நாற்பது பேரில் உணராதவன் ஒருவனும் இல்லை. இருந்தாலும் வாயைத் திறந்து சொல்லவில்லை.

சாப்பாடு முடிந்து இரண்டரை மணி இருக்கும். "இது எந்த உறுப்பின் நேரம்?" என்று கேட்டார். "சிறுகுடல்" என்று ஒரு பையன் கத்தினான். மாஸ்டர் சிரித்துக்கொண்டே என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். எழுந்து போய் நின்றேன். "கியோத்ஸ்கே" என்றார். குதிகாலைச் சேர்த்து விறைத்தேன். இடது மணிக்கட்டைப் பிடித்து உட்புறத்தில் கட்டைவிரலால் அழுத்தினார். வலி முழங்கை வரை ஓடியது. அது அடங்குவதற்குள் மற்றொரு கையின் விளிம்பால் தாடைக்குக் கீழே, கழுத்தின் பக்கவாட்டில், ஒரு தட்டு. மேலே மின்விசிறி தெரிந்தது. காதுக்குள் தகரக் கூரையில் மழை பெய்கிற இரைச்சல். முழங்கால் கழன்றது. அடுத்து ரப்பர் வாசனை. முதுகில் இரண்டு தட்டு தட்டி, கழுத்தை நீவி என்னை உட்காரவைத்தார். கைதட்டல். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது; அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டேன். எனக்குப் பின்னால் ஆறேழு பேர் விழுந்தார்கள். அதில் ஒருவன் கை படுவதற்கு முன்பே சாய்ந்தான்.

நான் சொல்லும் கதை இங்கே முடிந்துவிடும். அன்றைய மத்தியானம் இங்கே முடியவில்லை.

வாசல் தூணோரம் மண்டபத்து வாட்ச்மேன் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். அறுபதை நெருங்கியவர், ஒல்லி, மேலே காக்கிச் சட்டை, கீழே கட்டம்போட்ட சாரம். சண்டை தெரியாத சாதாரண ஆளையும் இது வீழ்த்தும் என்று காட்ட நினைத்தாரோ என்னவோ, மாஸ்டர் அவரைக் கையசைத்துக் கூப்பிட்டார். மனிதர் கூச்சத்தோடு செருப்பைக் கழற்றிவிட்டு விரிப்பில் ஏறினார். எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. அதே பிடி, அதே தட்டு. என் கழுத்தில் விழுந்ததைவிடச் சத்தமாகவே விழுந்தது. வாட்ச்மேன் ஓரடி பின்னால் போனார். கழுத்தைத் தடவினார். "எதுக்கு சார் அடிக்கீய?" என்றார். ஒருத்தரும் சிரிக்கவில்லை. காலையில் ச்சீக்குச் சிரித்த பையன்கள்கூடத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் இன்னொரு தடவை கையை ஓங்க, "யய்யா, விடுங்க" என்று அவர் விலகிக்கொண்டார். குரலில் கோபம்கூட இல்லை. முகூர்த்த நாட்களில் குடித்துவிட்டு வம்பு பண்ணுகிறவர்களைச் சமாளித்துப் பழகிய குரல் அது. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனதும் மாஸ்டர் எங்களுக்கு விளக்கினார்: வெற்றிலை போடுகிறவர், நாக்கை மேலண்ணத்தில் ஒட்டவைத்திருக்கிறார், அதனால் ஓட்டம் வேறு வழியில் திரும்பிவிட்டது. எல்லோரும் தலையாட்டினோம். நான் மற்றவர்களைவிடக் கொஞ்சம் வேகமாகவே ஆட்டினேன் என்று நினைக்கிறேன். அந்த மனிதர் விழாதது அவருடைய நாக்கினால் என்று ஆனால்தான் நான் விழுந்தது விழுந்ததாக இருக்கும்.

சாயங்காலம் டீக்கடையில் அதே வாட்ச்மேன் என்னிடம் ஒன்று சொன்னார். நான் தாண்டிப்போகும் இடம் அதுதான். பிறகு வருகிறேன்.

அந்த இடத்தில் என்ன இருக்கிறது

என் கதையைக் காப்பாற்றுவதற்காக நான் படித்தது கொஞ்சநஞ்சமல்ல. அதில் நல்ல செய்தி, கழுத்தில் அந்த இடம் சும்மா கிடக்கும் இடமில்லை. தலைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய தமனி குரல்வளையின் மேல்விளிம்பு உயரத்தில் இரண்டாகப் பிரிகிறது. பிரியும் இடத்தில் ஒரு சின்னப் புடைப்பு, கரோட்டிட் சைனஸ் என்று பெயர். அதன் சுவரில் ரத்த அழுத்தத்தை மோப்பம் பிடிக்கும் நரம்பு முனைகள் இருக்கின்றன. வெளியிலிருந்து அதை அழுத்தினால் அவை ஏமாந்துபோய், அழுத்தம் ஏறிவிட்டது என்று ஒன்பதாம் மண்டை நரம்பு வழியாக மூளைத்தண்டுக்குத் தகவல் அனுப்பும். மூளைத்தண்டு பத்தாம் நரம்பு வழியாக இதயத்தை மெதுவாகத் துடிக்கச் சொல்லும், ரத்தக்குழாய்களும் தளரும். தலைக்கு ரத்தம் குறையும். வயதானவர்களில் சிலர் இறுக்கமான காலரோடு தலையைத் திருப்பினாலே மயங்கி விழுவது இதனால்தான். சீன ஊசி மருத்துவத்தில் ரென்யிங் என்கிற புள்ளியும் இங்கேதான் இருக்கிறது, இரைப்பைப் பாதையில் ஒன்பதாவது. அங்கே நாடி துடிப்பதை விரல் வைத்த எவரும் உணரலாம். அப்படி விரல் வைத்துப் பார்த்தவர்கள் வைத்த புள்ளியாகத்தான் இருக்க வேண்டும்.

ஆகா, அப்படியானால் நான் விழுந்தது உண்மை என்று சில வருடம் நிம்மதியாக இருந்தேன். ஆனால் அதே பக்கங்களில் வேறொன்றும் இருந்தது. இதயம் தறிகெட்டு ஓடும் ஒரு வகைக் கோளாறை நிறுத்த டாக்டர்கள் இந்த இடத்தைத்தான் நீவுவார்கள். அதற்கு முன் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, தமனிக்குள் அடைப்பின் இரைச்சல் கேட்கிறதா என்று பார்ப்பார்கள். உள்ளே படிந்த கொழுப்பு பெயர்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். கழுத்தில் விழும் அடியால் தமனியின் உட்சுவர் கிழிவதும் உண்டு. கிழிந்தது சில சமயம் நாள் கழித்துத்தான் தெரியவரும். பயிற்சி பெற்ற டாக்டர் காதை வைத்துக் கேட்டுவிட்டு விரலால் நீவுகிற இடத்தில், அறுபது வயது மனிதரை, கேட்காமல் கொள்ளாமல், கை விளிம்பால் அடித்தோம். அடித்தது மாஸ்டர், ஆனால் சுற்றி நின்று பார்த்தது நாங்கள். அந்த மனிதர் அன்று விழாததற்காக நான் இப்போது கும்பிடாத சாமி இல்லை.

மற்ற இடங்களும் இப்படித்தான். கதவு நிலையில் முழங்கையை இடித்துக்கொண்டு ஷாக் அடித்ததுபோலத் துள்ளாதவர் உண்டா? எலும்புக்கும் தோலுக்கும் நடுவே அல்னர் நரம்பு பாதுகாப்பில்லாமல் ஓடுகிற இடம் அது. நெஞ்சுக்குழியில் குத்து விழுந்தால் உதரவிதானம் சுளுக்கிக்கொண்டு மூச்சு வராது. வலது விலாவின் அடியில் கல்லீரல் மேல் விழும் குத்துக்கு பெரிய பெரிய குத்துச்சண்டைக்காரர்களே ஒரு நொடி தாமதித்து முழங்காலிட்டிருக்கிறார்கள். நேரம் பார்த்து அடிக்கும் அடிகூட ஒன்று உண்டு என்பதுதான் வேடிக்கை. ஒவ்வொரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவே இதயம் தன் மின்சாரத்தைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும்போது, ஒரு நொடியை ஐம்பதாக வகுத்தால் அதில் ஒரு பங்கு அளவுக்கு, ஓர் ஆபத்தான இடைவெளி வருகிறது. சரியாக அப்போது ஒரு பந்து நெஞ்சில் பட்டால் ஆரோக்கியமான இதயமும் தடுமாறி நின்றுவிடலாம். பேஸ்பால் விளையாடும் பிள்ளைகள் அப்படி இறந்திருக்கிறார்கள். ஆனால் அந்த நேரத்தைக் குறிவைக்க எந்த மாஸ்டராலும் ஆகாது. சிறுகுடல் நேரம் என்று இரண்டு மணி நேரத்தை ஒதுக்கிக் கொடுப்பது எவ்வளவு தாராளம் என்று பாருங்கள்.

நாக்கும் கால் கட்டைவிரலும்

அமெரிக்காவில் ஜார்ஜ் டில்மன் என்று ஒருவர். கராத்தேக்காரர், பிரஷர் பாயின்ட் மயக்கத்தை உலகம் முழுக்கப் பரப்பியதில் பெரிய பங்கு அவருக்கு. தொட்டு வீழ்த்துவதில் ஆரம்பித்துத் தொடாமலே வீழ்த்துவதில் வந்து நின்றார். நேஷனல் ஜியாகிரஃபிக் தொலைக்காட்சி அவரைப் படம் பிடித்தது. சீடர்கள் விழுந்தார்கள், சந்தேகத்தோடு வந்த வெளியாள் விழவில்லை. ஏன் என்று கேட்டதற்கு அவர் சொன்ன காரணங்களைக் கேட்டபோது நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்: அந்த ஆளுக்கு நம்பிக்கை இல்லை, நாக்கு வாய்க்குள் தவறான இடத்தில் இருந்திருக்கலாம், கால் கட்டைவிரல் ஒன்றைத் தூக்கி மற்றதை அழுத்திக்கொண்டாலும் வேலை செய்யாது. நாக்கு! எங்கள் மண்டபத்து நாக்கு எங்கிருந்து கப்பலேறி வந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வெற்றிலை மட்டும் உள்ளூர்ச் சரக்கு.

இந்த வகை விளக்கத்துக்கு நாடு, மதம் எதுவும் கிடையாது. 2008 மார்ச்சில் இந்தியா டிவியில் சுரிந்தர் சர்மா என்கிற மந்திரவாதி, பகுத்தறிவாளர் சனல் இடமருகுவை மந்திரத்தாலேயே கொல்வதாகச் சொல்லி மணிக்கணக்கில் நேரலையில் முயன்றார். இடமருகு சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நீங்கள் கும்பிடும் தெய்வம் உங்களைக் காக்கிறது என்றார் மந்திரவாதி. நான் நாத்திகன் என்றார் இவர். சீனாவில் 2017 ஏப்ரலில் செங்டுவில், தைச்சி என்கிற சீனத் தற்காப்புக் கலையின் மாஸ்டர் வெய் லெய்யை ஷூ ஷியாவ்தொங் என்கிற கலப்புச் சண்டைக்காரர் சில நொடிகளில் குத்திக் கீழே தள்ளினார். தர்பூசணியின் தோல் கெடாமல் உள்ளே மட்டும் கூழாக்குகிறவர் என்று அரசுத் தொலைக்காட்சியே காட்டிய மாஸ்டர் அவர். ஜெயித்தவருடைய சமூக ஊடகக் கணக்குதான் பிறகு காணாமல் போனது. அது வேறு கதை.

இவர்களில் என்னைத் தூங்கவிடாதவர் ஜப்பானின் யானாகி ரியூகென். அவருடைய பழைய வீடியோக்களில் தாத்தா கையை ஒரு சுழற்று சுழற்றுவார்; மாணவர்கள் கொத்துக் கொத்தாகச் சுருண்டு உருளுவார்கள். வருடக்கணக்கில் இது நடந்தது. 2006இல் வெளியிலிருந்து ஒரு சண்டைக்காரரை, சவால் விட்டு, தானே மேடைக்கு அழைத்தார். மணி அடித்ததும் வழக்கம்போலக் கையை நீட்டுகிறார். எதிராளி நடந்து வந்து முகத்தில் குத்துகிறார். தாத்தா முகத்தில் கை வைத்துக்கொண்டு நிற்பார் பாருங்கள், அந்த முகத்தில் வலியைவிடப் புரியாமைதான் அதிகம். ஏமாற்றுக்காரராக இருந்திருந்தால் மேடை ஏறியிருக்கவேமாட்டார். தன் சக்தி உண்மை என்று அவர் நம்பினார், ஏனென்றால் தினமும் கண்முன்னால் ஆட்கள் விழுந்துகொண்டே இருந்தார்கள். அவரை அந்த மேடைக்கு அனுப்பிவைத்தது அவருடைய மாணவர்கள். வகுப்பில் முதன்முதலாக விழுந்த அந்த ஒருவனை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அவன் எதற்காக விழுந்திருப்பான்?

விருந்தாளிக்கு வைக்கும் சீ

அந்தச் சொல்லைப் பற்றிக் கொஞ்சம். சீன எழுத்தின் பழைய வடிவத்தில் மேலே ஆவி, அடியில் அரிசி. உலையிலிருந்து எழும் ஆவி என்று அதை விளக்குவார்கள். மாயச் சக்திக்கு மட்டும் ஒதுக்கிவைத்த சொல் இல்லை அது. வீட்டுச் சொல், தெருச் சொல். வானத்தோடு சேர்த்தால் தியென்ச்சி, வானிலை. சீ கிளம்பினால் ஷெங்ச்சி, கோபம். நாமும் மூச்சு என்கிற ஒன்றை வைத்துக்கொண்டு 'தம் கட்டு' என்கிறோம், 'அதைப்பற்றி மூச்சு விடாதே' என்கிறோம். சித்தர்கள் அதையே வாசி என்று குதிரையேற்றினார்கள். ஜப்பானியர் வாயில் அது கி. பத்து வருடம் தொண்டை கிழியக் கத்திய கியாயிலும், என்னை விறைத்து நிற்கவைத்த கியோத்ஸ்கேயிலும் இருந்தது அந்தக் கிதான். தெரியாமலே கத்தியிருக்கிறேன். ஆனால் எனக்குப் பிடித்த சொல் கேச்சி. விருந்தாளி என்கிற சொல்லோடு சீயைச் சேர்த்தால் வருவது. உபசாரம், மரியாதை, நாசூக்கு என்று பொருள். நன்றி சொன்னால் "பூ கேச்சி" என்பார்கள், அவ்வளவு மரியாதையெல்லாம் வேண்டாம் என்கிற அர்த்தத்தில்.

மண்டபத்தில் எங்களுக்குள் ஓடிய சீ இந்த வகைதான் என்று இப்போது நினைக்கிறேன். எங்கள் ஊர்க் கொடையில் வில்லுப்பாட்டும் மேளமும் உச்சத்துக்கு ஏறும்போது என் பெரியப்பாவுக்குச் சாமி வரும். அதை நடிப்பு என்று யாராவது சொன்னால் எனக்கே கோபம் வரும். தீப்பந்தத்தை நெஞ்சில் தடவிக்கொள்கிறவர் நடிக்கிறார் என்று எப்படிச் சொல்வது? ஆனால் அதே பெரியப்பாவுக்கு டவுன் பஸ்ஸில் சாமி வந்ததில்லை. மேளம் வேண்டும், பார்க்கிற ஊர் வேண்டும், வந்தே ஆக வேண்டிய நேரம் வேண்டும். எனக்கு இரண்டரை மணி, நாற்பது பேர், கண்ணை எடுக்காத ஒரு பெரியவர், 1,500 ரூபாய். நான் விழாமல் நின்றிருந்தால் அவர் முகம் என்ன ஆகியிருக்கும் என்று அந்த அரை நொடியில் என் முழங்காலுக்குத் தெரிந்திருந்தது.

வீடியோ

போன மாதம் எங்கள் பழைய கராத்தே வகுப்பு வாட்ஸப் குழுவில் ஒருவன், பழைய போனில் கிடைத்தது என்று அந்த முகாமின் வீடியோவைப் போட்டான். நாற்பது நொடி. கலங்கலாக இருக்கிறது. ஒல்லியாக, மீசை அரும்பாக, நான். பிடி, தட்டு. நான் சரிகிறேன். முகவாய் நெஞ்சோடு ஒட்டுகிறது, முதுகு வளைகிறது, உடம்பு பக்கவாட்டில் உருளுகிறது, வலது உள்ளங்கை உடம்பிலிருந்து தள்ளி விரிப்பை 'படார்' என்று அடிக்கிறது. எல்லா வகுப்பிலும் முதல் மாதம் சொல்லித்தருகிற அடிபடாமல் விழும் முறை, பிசகில்லாமல். பரீட்சையாக இருந்தால் மார்க் போடலாம்.

டீக்கடையில் வாட்ச்மேன் என்னிடம் சொன்னது இதைத்தான். "கழுத்து வலிக்குதா அண்ணாச்சி?" என்று நான்தான் போய்க் கேட்டேன். மன்னிப்புக் கேட்க நினைத்தேன், வாயில் வரவில்லை. அவர் டீயை ஆற்றிக்கொண்டே, "எனக்கு ஒண்ணுமில்ல தம்பி. நீங்க நல்லா விழுந்தீய" என்றார். கிண்டலா என்று பார்த்தேன், இல்லை. "மண்டபத்துல எத்தனையோ பேரு மயங்கி விழுந்து பாத்திருக்கேன். பொண்ணோட அம்மா விழுவா, வெறும் வயித்தோட நின்ன பொண்ணும் விழும். மூக்கு முகறை எல்லாம் உடைஞ்சிரும். கை ஊன்றி விழுந்தவுகளைப் பாத்ததில்ல." அவ்வளவுதான் சொன்னார். அப்புறம் மகள் வளைகாப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். டீக்கு அவரே காசு கொடுத்தார்.

நான் பொய்யாக விழுந்தேனா? இல்லை. அந்த இரைச்சலைக் கேட்டேன், முழங்கால் கழன்றது, கண்ணில் நீர் வந்தது. சைனஸ் கொஞ்சம் வேலை செய்திருக்கலாம், தலை ஒரு கணம் லேசாகியிருக்கலாம். மிச்சத் தூரத்தை நான் போனேன். எவ்வளவு தூரம் அது தள்ளியது, எங்கிருந்து நான் நடந்தேன் என்று வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தும் பிடிபடவில்லை.

உள்ளங்கைப் பந்தையும் விட்டுவைக்கவில்லை. அமெரிக்காவின் கொலராடோவில் எமிலி ரோசா என்ற ஒன்பது வயதுச் சிறுமி, பள்ளிக்கூட அறிவியல் செயல்திட்டத்துக்காக ஒரு சோதனை செய்தாள். உடம்பைச் சுற்றிய சக்தியைக் கையால் உணர்வதாகச் சொல்லும் சிகிச்சையாளர்கள் 21 பேர். அட்டைத் தடுப்பில் இரண்டு ஓட்டை. அவர்கள் இரண்டு கையையும் நுழைக்க, அவள் மறுபக்கத்தில் ஏதாவது ஒரு கைக்கு மேல் தன் கையைப் பிடிப்பாள். எந்தக் கை? 280 தடவையில் 123 சரி. காசைச் சுண்டிப்போட்டே பாதி வாங்கியிருக்கலாம். 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் அது வந்தது. நான் சாப்பாட்டு மேசையில் துண்டைத் தொங்கவிட்டு என் மகளிடம் கையை நீட்டினேன். இருபதுக்கு ஒன்பது. பத்தாவது தடவைக்குப் பிறகு அவள் கையையே வைக்காமல் ஏமாற்றிக்கொண்டிருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது. அப்போதும் எனக்குக் கதகதப்பு தெரிந்தது.

ஆசான்

இரண்டு வாரம் முன்பு அம்மாவின் தோள்பட்டைக்காகத் தக்கலைப் பக்கம் ஓர் ஆசானிடம் போனோம். எலும்பு முறிவு, சதைப் பிசகு எல்லாம் பார்ப்பவர். அப்பா வழியில் வர்மாணிகள். திண்ணையில் நீண்ட மர பெஞ்சு, உள்ளே எண்ணெய் காயும் வாசனை. அம்மாவுக்குக் கட்டுப் போடும்வரை பேசிக்கொண்டிருந்தோம். உடம்பில் 108 வர்மம், அதில் உயிருக்கே ஆபத்தான படுவர்மம் 12, மற்ற 96 தொடுவர்மம் என்றார். பழைய ஆயுர்வேத ஆசிரியர் சுசுருதர் கணக்கில் மர்மங்கள் 107 என்று நான் படித்ததைச் சொன்னேன். ஒன்று குறைகிறதே என்று சிரித்தார். வர்மத்தில் அடி விழுந்தால் இத்தனை நாழிகைக்குள் இளக்க வேண்டும், தவறினால் இன்னின்ன ஆகும் என்று ஒவ்வொன்றுக்கும் கணக்கு உண்டு. ஒரு நாழிகை 24 நிமிடம். அடி கொடுப்பதைவிட, அடங்கல் என்கிற இளக்கும் இடத்தைப் பிடித்து எழுப்புவதைப் பற்றித்தான் அதிகம் பேசினார். நான் என் கதையை எடுத்துவிட்டேன், வழக்கமான இடத்தில் தாண்டி.

அவர் வாயைப் பிளக்கவில்லை. குறிகுணம் கேட்டார். "உடம்பு குளுந்துதா?" இல்லை. "வேர்த்துதா?" இல்லை. "மூத்திரம் போச்சா?" இல்லை ஆசானே. "எத்தன நாழிக கெடந்த மக்கா?" நாழிகையெல்லாம் இல்லை, ஐந்தாறு செகண்டு. "ம்" என்றார். எழுந்து போய் எண்ணெய்ச் சட்டியைக் கிளறினார்.

எனக்கு நிறையக் கேட்க இருந்தது. அந்த 12 படுவர்மத்தை யார் எப்போது சோதித்தது, நாழிகைக் கணக்கு எங்கிருந்து வந்தது, பார்வையாலேயே வீழ்த்தும் நோக்குவர்மம் என்கிறார்களே அதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா, நம்பிக்கை இல்லாதவரைக் கொண்டுவந்து நிறுத்தினால் என்ன ஆகும். செங்டு மாஸ்டரையும் ஜப்பான் தாத்தாவையும் பார்த்துச் சிரித்தவன் இங்கேயும் அட்டைத் தடுப்பைக் கொண்டுவர வேண்டாமா? ஒன்றையும் கேட்கவில்லை. அம்மா பக்கத்தில் இருந்தாள். பெரியவர் எழுபதைத் தாண்டியவர். கட்டுக்கு அவர் வாங்கிய காசும் சொற்பம்.

கிளம்பும்போது என்னைத் திரும்பிப் பார்த்து, "கழுத்து ஒரு பக்கமா சாஞ்சிருக்கே, இங்க இரி" என்றார். கம்ப்யூட்டர் பார்த்துப் பார்த்து வந்தது என்றேன். பின்னால் வந்து நின்றார். எண்ணெய்ச் சூடு மாறாத கட்டைவிரல் தாடைக்குக் கீழே, அதே இடத்துக்கு, மெல்ல வந்தது. அழுத்தவில்லை, சும்மா வைத்தார். என் வலது கை பெஞ்சின் விளிம்பைத் தேடிப் போய்ப் பிடித்துக்கொண்டது.